மறு: 'போர்க்காலக் கூட்டரசு' சரியா?

பாம்பனிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். போரின்போது எதிரெதிர்க் கட்சிகள் சேர்ந்து அமைக்கும் அரசுக்கு (wartime coalition) நம் சொற்பதிவில் 'போர்க்காலக் கூட்டரசு' என்று போடலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

'கூட்டரசு' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மலேசியத் தமிழர் கோலாலம்பூரைக் 'கூட்டரசுப் பிரதேசம்' என்கிறார்கள். அங்கே அது மத்திய அரசு. 'தேசிய அரசாங்கம்' இன்னும் வம்பு. இலங்கை வானொலி கேட்டுப் பழகிய நம் கரைக்கு அது 2015-இல் மைத்திரியும் ரணிலும் சேர்ந்து அமைத்தது. அப்போது போர் முடிந்து ஆறு வருடம். பிரிட்டனில் 1931-இல் அதே பெயரில் வந்ததும் பொருளாதார நெருக்கடிக்காகத்தான்.

'கூட்டணி' என்றாலே நமக்குத் தொகுதிப் பங்கீடு. 1940 மே மாதம் பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சியின் சர்ச்சிலும் தொழிற்கட்சியின் அட்லியும் பங்கிட்டது துறைகளை. போர் முடிவுகளை எடுத்த ஐவர் குழுவான போர் அமைச்சரவையில் சர்ச்சில், சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ் ஒரு கட்சி. அட்லி, கிரீன்வுட் தொழிற்கட்சி. இடைத்தேர்தல் வந்தால் காலியான இடம் எந்தக் கட்சியுடையதோ அதற்கே விட்டுவிடுவது, மற்ற பெரிய கட்சிகள் ஆள் நிறுத்துவதில்லை. பொதுத்தேர்தலைச் சட்டம் போட்டுத் தள்ளித் தள்ளி, 1935-இல் தேர்ந்த நாடாளுமன்றம் 1945 வரை ஓடியது.

எனவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எதிர்வரிசைக்காரர் அமைச்சரானாரா? 1914-இல் ஜெர்மன் சமூக சனநாயகக் கட்சி போர்க்கடனுக்குக் கை தூக்கியது, பதவி ஏற்கவில்லை. அது வெளி ஆதரவு. அதே ஆகஸ்டில் பிரான்சில் சோசலிஸ்டுகள் கெட்டும் செம்பாவும் அமைச்சரானார்கள்; அது சேர்த்தி. என் முன்மொழிவு: போர்க்காலக் கூட்டமைச்சரவை.

தொண்டியிலிருந்து:

ஐயா, சேர்த்து எழுதினால் பாதிப்பேர் 'அமைச்சரவைக் கூட்டம்' என்று படித்துவிடுவார்கள். 'கூட்டு அமைச்சரவை' என்று பிரித்தே விடுங்கள்.

'போர்க்கால' என்பதிலும் ஒரு சிக்கல். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள்; ஜூன் 14 தாண்டினால் விசைப்படகு கிளம்பிவிடும். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜின் கூட்டு அப்படிக் காலத்தோடு முடியவில்லை. போர் 1918-இல் நின்றது, கூட்டு 1922 அக்டோபர் வரை நீண்டது. அந்த நான்கு வருடத்துக்கு என்ன பெயர்?

இன்னொன்று, 2023 அக்டோபரில் இஸ்ரேலில் எதிர்வரிசையிலிருந்த கான்ட்ஸ் போர்க்கால அரசில் சேர்ந்தார், எதிர்க்கட்சித் தலைவர் லபிட் சேரவில்லை. ஆகவே 'அனைத்துக்கட்சி' என்ற சொல் வேண்டவே வேண்டாம்.

பாம்பனிலிருந்து:

பிரித்தே எழுதுவோம். 1918 நவம்பருக்குப் பிறகு வெறும் 'கூட்டு அமைச்சரவை' போதும். பதிவு இப்படி:

போர்க்காலக் கூட்டு அமைச்சரவை (பெ.): போரை நடத்துவதற்காக, எதிரெதிராக நின்ற கட்சிகள் அமைச்சர் பதவிகளைப் பகிர்ந்து அமைக்கும் அரசு. வெளி ஆதரவு இதில் அடங்காது. 'போர் அமைச்சரவை' வேறு. அது இதற்குள் முடிவெடுக்கும் சிறு குழு.