மறுமொழி: ‘டார்க் பேட்டர்ன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை ஒருசேரப் படித்துவிட்டு எழுதுகிறேன். செயலிகளும் இணையதளங்களும் பயனரைச் சிக்கவைக்கும் ‘டார்க் பேட்டர்ன்’ என்பதற்கு இருண்ட வடிவம், கருங்கோலம், ஏமாற்று வடிவமைப்பு, கண்ணி வடிவமைப்பு ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. ‘டார்க் பேட்டர்ன்’ என்றே எழுதினால் போதும் என்போரும் இருக்கிறார்கள். நான் ‘சூழ்ச்சி உத்தி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அகராதியில் இடம்பெற்றால் போதும் என்றால் எந்தச் சொல்லும் தகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து முறையிடும் ஒருவர் தயங்காமல் வாயில் எடுக்கக்கூடிய சொல்லா என்பதுதான் என் அளவுகோல்.

பொருளை முதலில் உறுதிசெய்துகொள்வோம். பிரிட்டனைச் சேர்ந்த பயனர் அனுபவ வல்லுநர் ஹாரி பிரிக்னல் 2010-இல் இச்சொல்லை உருவாக்கினார். பயனர் தாமாகச் செய்ய நினைக்காத ஒன்றை அவரைச் செய்யவைக்கும்படி அமைக்கப்பட்ட இடைமுகம் (பயனர் பார்த்துத் தொடும் திரை) என்பது இதன் சுருக்கமான பொருள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்து, 13 வகைகளைப் பட்டியலிட்டது. ஆகவே இது இனி நிரலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறி அன்று. சட்டத்தில் இடம்பெற்றுவிட்ட சொல். ஒலிபெயர்த்து எழுதினால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். ஒரு குற்றத்தின் பெயரே புரியாதவர் அதைப் பற்றி எப்படிப் புகார் எழுதுவார்?

> டார்க் என்றால் இருள்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க நிறைய இருக்கிறது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 ஆகியவற்றில் கறுப்புப் பின்னணித் தோற்றம் வந்த பிறகு, கைபேசி வைத்திருக்கும் எவருக்கும் ‘இருண்ட வடிவமைப்பு’ என்றவுடன் நினைவுக்கு வருவது கண் கூசாமல் இருக்க இரவில் மாற்றிக்கொள்ளும் திரைதான். மேலும், தமிழில் ‘இருண்ட’ என்னும் அடைமொழி அறியாமையையோ துயரத்தையோ சுட்டுமே தவிர, ஒருவர் இன்னொருவரை வீழ்த்தத் திட்டமிடுவதைச் சுட்டுவதில்லை. ‘இருண்ட காலம்’ என்று சொல்கிறோம். ஏமாற்றுக்காரரை ‘இருண்ட ஆள்’ என்று யாரும் சொல்வதில்லை. சொல்லை உருவாக்கிய பிரிக்னலே பின்னர் இருளை விட்டுவிட்டு ‘டிசெப்டிவ் பேட்டர்ன்’ (ஏமாற்றும் வடிவம்) என்ற பெயருக்கு மாறிவிட்டார். மூலத்தில் கைவிடப்பட்ட உருவகத்தை நாம் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

‘கருங்கோலம்’ என்பதை முன்வைத்தவர் இலங்கைப் பாடநூல்களில் ‘எண் கோலங்கள்’ என்று படித்து வளர்ந்தவர். அவருக்கு ‘பேட்டர்ன்’ என்றால் இயல்பாகவே கோலம்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ அது ‘அமைப்பு’. இங்குள்ளோர் காதில் கோலம் என்றால் வாசலும் அரிசிமாவும்தான் முதலில் வரும். (அப்படியானால் ‘அலங்கோலம்’ என்றே சொல்லிவிடலாமே என்று ஒருவர் கேலியாக எழுதியிருந்தார். கேலியிலும் ஒரு பிழை இருக்கிறது: நாம் பேசும் பக்கங்களில் அலங்கோலம் எதுவும் இராது, ஒவ்வொரு படப்புள்ளியும் அளந்து வைக்கப்பட்டிருக்கும்.)

‘ஏமாற்று வடிவமைப்பு’தான் இதுவரை வந்தவற்றுள் வலுவான போட்டியாளர். எளிமையானது, பிரிக்னலின் புதிய பெயருக்கும் நெருக்கமானது. ஆயினும் எனக்கு அதில் இரண்டு மனத்தடைகள் உள்ளன.

முதலாவது, அது எல்லா வகைகளையும் தழுவவில்லை. ஆணையத்தின் பட்டியலில் உள்ள ‘நேகிங்’ வகையைப் பாருங்கள். அறிவிப்புகளை அனுமதிக்கச் சொல்லி ஒரு செயலி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேட்கிறது. ‘இப்போது வேண்டாம்’ என்ற பொத்தான் உண்டு, ‘ஒருபோதும் வேண்டாம்’ என்ற பொத்தான் இல்லை. இதில் பொய் எதுவும் இல்லை. அலுத்துப்போய் ஒருநாள் ‘சரி’ என்று அழுத்திவிடுவார் என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. அதேபோல, ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் தொடர்பில்லாத இன்னொரு செயலியையும் நிறுவித்தான் ஆக வேண்டும் என்பது நெருக்கடி; அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

இரண்டாவது தடை எனக்கு இன்னும் முக்கியமானது. ஏமாற்று என்ற சொல் எங்கே இருக்கிறதோ அங்கே ஏமாந்தவர் ஒருவர் இருக்கிறார். நம் சமூகத்தில் ஏமாந்தவருக்கு இரக்கத்தைவிட ஏச்சே முதலில் கிடைக்கிறது. எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் கணக்கிலிருந்து, அவர் பயன்படுத்தாத ஒரு செயலிக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. இலவச முன்னோட்டம் என்று தொடங்கியது தானே சந்தாவாக மாறியிருந்தது. ஏழு நாட்களுக்குப் பின் கட்டணம் உண்டு என்ற வரி, வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிறத்தில், பச்சைப் பொத்தானுக்குக் கீழே விசைப்பலகை மறைத்துவிடும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. கண்பார்வை நன்றாக உள்ள எனக்கே அதைக் கண்டுபிடிக்கத் திரையை மேலே தள்ள வேண்டியிருந்தது. அவரோ, “நான்தான் கவனிக்காம அமுக்கிட்டேன் தம்பி” என்று தன்மீதே பழியைப் போட்டுக்கொண்டார். அந்தப் பழியை உரியவர்மீது திருப்பும் சொல்தான் நமக்கு வேண்டும். ஏமாந்தது யார் என்று பேசும் சொல்லைவிட, திட்டமிட்டது யார் என்று பேசும் சொல் நல்லது.

பொறி, கண்ணி, வலை என்ற வேட்டைச் சொற்களைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். பொறிக்கு இயந்திரம், புலன், தீப்பொறி என்று ஏற்கெனவே பல வேலைகள் உள்ளன. கண்ணி என்றால் வெடி கூடவே வந்துவிடுகிறது. வலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘வலைத்தளங்களில் விரிக்கப்படும் வலை’ என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார், பிறகு குழம்புவார்.

இனி ‘சூழ்ச்சி’. பழந்தமிழில் இது ஆலோசனை, ஆழ்ந்த ஆராய்ச்சி என்னும் பொருளில் வழங்கியது, குறளிலும் அப்பொருளே. இன்றைய வழக்கில் பிறருக்குக் கேடாகத் தீட்டப்படும் திட்டம். இந்த இரண்டு பொருளும் நாம் பெயர்சூட்ட முனையும் செயலில் அருகருகே இருக்கின்றன: நன்கு ஆராய்ந்து, அளந்து, சோதித்து, பயனரின் நலனுக்கு எதிராகச் செய்யப்படுவது இது. பொய், நெருக்கடி, நச்சரிப்பு, வழிமறிப்பு எல்லாம் இதற்குள் அடங்கும்.

‘பேட்டர்ன்’ என்பதற்கு ‘உத்தி’ என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. மென்பொருளில் இந்தச் சொல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரின் சிந்தனையிலிருந்து வந்தது: மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஒரு சிக்கலுக்கு, பெயரிட்டு வகைப்படுத்தப்பட்ட ஒரு தீர்வு. தமிழிலோ நூல் இயற்றுவதில் திரும்பத் திரும்பக் கையாளப்படும் முறைகளுக்குப் பெயர்சூட்டி, தொல்காப்பியமும் நன்னூலும் 32 உத்திகளைத் தொகுத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டலாம், எண்ணலாம். அலெக்சாண்டர் கருதிய பொருளுக்கு ‘வடிவம்’ என்பதைவிட ‘உத்தி’ மிக நெருக்கமானது. நன்னூல் அவற்றைத் ‘தந்திர உத்தி’ என்றே குறிக்கிறது. அங்கே தந்திரம் என்றால் நூல். இன்றைய பொருளில் அதையே எடுத்துக்கொண்டால் நமக்குக் கச்சிதமாகப் பொருந்தும்தான், ஆனால் இலக்கண ஆசிரியர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை.

> சூழ்ச்சி என்றால் யாரோ உட்கார்ந்து திட்டமிட வேண்டும். ஏ/பி சோதனையில் அதிகம் அழுத்தப்பட்ட பொத்தான் தானாகவே வெல்கிறது. அங்கே சூழ்ச்சி எங்கே?

இந்த இழையிலேயே ஆகச் சிறந்த எதிர்வாதம் இது. (ஏ/பி சோதனை என்பது இரண்டு வடிவங்களை வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டி, எது அதிகம் பலிக்கிறது என்று ஒப்பிடுவது.) நானும் நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. எந்தப் பொத்தான் வெல்கிறது என்பதை எண்கள் தீர்மானிக்கலாம்; ஆனால் எந்த எண்ணை அளப்பது என்று ஒரு மனிதர் தீர்மானித்திருக்கிறார். சந்தாவை விட்டு வெளியேற வந்தவர்களில் எத்தனை பேர் பாதியில் திரும்பினார்கள் என்பதை ‘வெற்றி’ என்று அளக்கத் தொடங்கிய கணத்திலேயே சூழ்ச்சி தொடங்கிவிட்டது.

சில வேளைகளில் தடயமும் கிடைக்கிறது. விடுதி முன்பதிவுத் தளம் ஒன்றில் ‘இந்த அறையை இப்போது 23 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற வரியில் எண் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தது. உலாவியின் நிரலாளர் கருவிகளைத் திறந்து பார்த்தேன். எண் மாறும்போது தளத்தின் வழங்கிக்கு (சர்வர்) எந்தக் கோரிக்கையும் போகவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் தேடிப் படித்தால், 15-க்கும் 30-க்கும் இடையே தற்போக்காக ஓர் எண்ணைத் தேர்ந்து காட்டும் ஒற்றை வரி இருந்தது. நிரலின் அந்தச் செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) அவசரம் என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தார்கள்! பொதுவெளியிலும் சான்று உண்டு. அமேசான் பிரைம் சந்தாவை நீக்கும் வழிமுறைக்கு அந்நிறுவனத்துக்குள் ‘இலியட்’ என்று பெயர் இருந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கில் குறிப்பிட்டது. ஹோமரின் நெடிய போர்க்காவியத்தின் பெயர் அது. 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலருக்கு இசைந்து அவ்வழக்கை முடித்துக்கொண்டது. தம் வேலை என்னவென்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க வார்ப்புருவைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கும் சிறு கடைக்காரரையும் சூழ்ச்சிக்காரர் என்பதா என்று கேட்டிருந்தார்கள். வேண்டியதில்லை. சூழ்ச்சி என்ற அடை உத்தியைத்தான் சுட்டுகிறது, அதைக் கையாள்பவரை அன்று.

ஒரு நல்ல கலைச்சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் எளிதில் அமைய வேண்டும் என்று ஒருவர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ‘சூழ்ச்சியற்ற வடிவமைப்பு’ என்பது தடையின்றி வருகிறது. அதற்கு எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. ஆர்எஃப்சி 8058 என்ற 2017-ஆம் ஆண்டு இணையத் தரநிலை ஆவணம், மின்மடலின் தலைப்பகுதியிலேயே விலகல் முகவரியைத் தந்து, ஒரே சொடுக்கில் பட்டியலிலிருந்து நீங்கும் வழியை வகுத்தது. சாதாரண இணைப்பைத் திறப்பதுபோல் அல்லாமல் ‘போஸ்ட்’ கோரிக்கையாக (வழங்கிக்குத் தகவலை அனுப்பும் கோரிக்கை) அது அமைந்ததற்குக் காரணம், மடலில் உள்ள இணைப்புகளையெல்லாம் திறந்து சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள் பயனர் அறியாமலே அவரை விலக்கிவிடக் கூடாது என்பதுதான். இதையே 2024-இல் கூகுளும் யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்குக் கட்டாயமாக்கின. எங்கள் பணியிடத்தில் அந்தச் சில வரிகளை எழுதிச் சேர்த்த அன்று, விலகுவதற்கு முன் காரணம் கேட்டு நிறுத்திவைத்த பழைய பக்கத்தையும் சேர்த்தே நீக்கினோம். அண்மையில் நான் எழுதிய நிரல்களில் அவ்வளவு நிறைவைத் தந்தது வேறில்லை. அதேபோல, தானியங்கிக் கட்டணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்ததால்தான், பெரியவரின் அந்தச் சந்தா எங்கள் கண்ணில் பட்டது.

இனி உள்வகைகளுக்கான என் பரிந்துரைகள். ‘ஃபால்ஸ் அர்ஜென்சி’க்குப் ‘பொய் அவசரம்’, ‘பாஸ்கெட் ஸ்னீக்கிங்’, அதாவது கேட்காத காப்பீட்டையும் நன்கொடையையும் கூடையில் சேர்ப்பதற்குக் ‘கூடைத் திணிப்பு’, ‘நேகிங்’கிற்கு ‘நச்சரிப்பு’, எளிதில் விலகவிடாத ‘சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்’புக்குச் ‘சந்தாச் சிக்கல்’ என்றால் வலு குறைகிறது என்பதால் ‘சந்தாச் சிறை’. ‘டிரிப் பிரைசிங்’, அதாவது முழு விலையை முதலில் சொல்லாமல் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குச் ‘சொட்டு விலை’ என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் பழகிய நாட்டில் அதை விளக்கத் தேவையில்லை. விளம்பரம் செய்தியின் உடையில் வருவதை ‘மாறுவேட விளம்பரம்’ எனலாம்.

‘கன்ஃபர்ம் ஷேமிங்’ மட்டும் என்னைத் திணறடிக்கிறது. மறுக்கும் பொத்தானில் பயனரைக் கூசவைக்கும் வாசகத்தை எழுதுவது இது. செயலி ஒன்றின் தமிழாக்கத்திற்காக எனக்கு வந்த சரக்கோப்பில் (திரையில் தோன்றும் வாசகங்களின் கோப்பு), தள்ளுபடியை மறுக்கும் பொத்தானுக்கு, ‘வேண்டாம், முழு விலை கொடுக்கவே எனக்கு விருப்பம்’ என்று பொருள்படும் வரி இருந்தது. நான் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்; ‘முழுமையாக மொழிபெயர்க்கவும்’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அந்த வேலைக்கு ‘நாணவைப்பு’ என்பது இலக்கியத்தனமாக ஒலிக்கிறது. ‘குத்திக்காட்டல்’ பேச்சுக்கு நெருக்கமானது, ஆனால் செய்த தவற்றைச் சுட்டுவது என்ற பொருளும் அதில் ஒட்டியிருக்கிறது. ‘மறுப்பிழிவு’ என்று ஒன்றைக் கட்டிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. இதற்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன். மென்பொருள் சேவைக்குப் பயனர் அறியாமல் தொடர்ந்து கட்டணம் எடுக்கும் ‘சாஸ் பில்லிங்’கை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம்.

மறுப்பு இல்லையெனில், வரும் ஞாயிற்றுக்கிழமை ‘சூழ்ச்சி உத்தி’ என்பதை முதன்மைச் சொல்லாகவும், ‘ஏமாற்று வடிவமைப்பு’ என்பதை மாற்றுச் சொல்லாகவும் நம் பொதுக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். ‘கன்ஃபர்ம் ஷேமிங்’கிற்கான இடம் காலியாக இருக்கும்.

அன்புடன்