தகர டப்பாவில் புளி வைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பழைய டால்டா டப்பாவைக் கம்பி நாரால் தேய்த்துக் கழுவி, அதில் புளியை அடைத்து, "எவர்சில்வரைவிட இதுதான் ஆரோக்கியம்" என்று நேற்று இங்கே ஒருவர் படம் போட்டிருக்கிறார். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. டப்பாவின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் கோடு ஓடுகிறதே, அது ஈயப் பற்று, தகட்டின் இரண்டு விளிம்பையும் ஈயம் உருக்கி ஒட்டிய இடம். அந்தக் காலத்தில் வெள்ளீயத்தோடு (டின்) நச்சு உலோகமான காரீயம் (லெட்) கலந்துதான் பற்று வைப்பார்கள். புளியின் அமிலம் காரீயத்தைக் கரைக்கும்.

பொள்ளாச்சி அக்கா:
படம் போட்டது நான்தானுங்க, நேராகவே திட்டுங்க. உங்கள் பாலக்காட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைப்பதில்லையா? அந்த ஈயம் மட்டும் மணக்கும், என் டப்பா ஈயம் விஷமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்கா, ஈயச் சொம்பு வெள்ளீயம். காலியாக அடுப்பில் வைத்தால் 232 டிகிரியில் உருகி ஓடிவிடும். பற்றில் இருப்பது காரீயம். உணவு டப்பாவில் காரீயப் பற்றே கூடாது என்று அமெரிக்காவில் 1995-ல் தடை போட்டார்கள். சும்மாவா போட்டார்கள்?

செங்கோட்டையான்:
அமெரிக்கா கிடக்கட்டும். எங்கள் வீட்டில் அரிசி இன்னும் 15 கிலோ எண்ணெய் டின்னில்தான். காய்ந்த வேப்பிலையும் வரமிளகாயும் போட்டு இறுக மூடினால் வண்டு எட்டிப் பார்க்காது. தீபாவளி முறுக்கும் அதில்தான், கடைசிவரை மொறுமொறு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அரிசியை யார் கேட்டது? அரிசி காய்ந்த பொருள். நான் புளியைச் சொல்கிறேன். அந்தப் பற்றைச் சொல்கிறேன். எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு அழும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது ஏறாது.

செங்கோட்டையான்:
எங்கள் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் ஐயா. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அறிவு கூடிவிடாது.

கம்பம் பள்ளத்தாக்கு:
துருவைப் பற்றி யாருமே பேசவில்லையே? தகரம் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பூச்சில் கீறல் விழுந்தால் அடியிலிருக்கும் இரும்பு சீக்கிரமே அரிக்கும். துத்தநாகம் பூசிய வாளி அப்படியில்லை, அங்கே துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். அக்கா கம்பி நார் போட்டதுதான் கோளாறு. படத்திலேயே மூடி விளிம்பில் செம்புள்ளி தெரிகிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
துருவா முக்கியம்? காரீயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். திரும்பவும் சொல்கிறேன், பற்று, பற்று, பற்று. பற்றில்லாமல் ஒரே தகட்டில் அடித்த டப்பா என்றால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

பொள்ளாச்சி அக்கா:
என் மாமியார் அதே டப்பாவில் புளி வைத்துத்தான் ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். ஒரு பிள்ளைக்கும் மூளை குறையவில்லை. சோப்பு போட்டுக் கழுவிய பிறகு என்ன காரீயம் மிச்சம் இருக்கும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கழுவினால் போக அது அழுக்கா அக்கா? பற்றே அதுதானே!

செங்கோட்டையான்:
சரி, டால்டா டப்பாவில் இருப்பது தென்னை மரம்தானே? எங்கள் வீட்டில் ஈச்ச மரம் என்று சண்டை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மரம் எதுவானால் என்ன? புளியைக் கண்ணாடி பாட்டிலுக்கோ பீங்கான் ஜாடிக்கோ மாற்றச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி அக்கா:
மாற்ற முடியாதுங்க. போன முறை என் வெண்கல உருளியைப் பார்த்துப் பித்தளை என்று சாதித்தவர்தானே நீங்கள்? கடைக்காரரே தட்டி ஓசை காட்டிய உருளி அது. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்க.