புதுப்பிப்பு: மகளின் காது வலி, ஆறு வாரம் கழித்து

நாலு வயது மகள் சளியோடு காதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழுததையும், தலைக்குக் குளிப்பாட்டியதால்தான் வந்ததோ என்று நான் பயந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

குளித்த தண்ணீர் காரணமில்லை. இது செவிப்பறைக்கு உள்ளே, நடுச்செவியில் வந்த தொற்று. செவிப்பறையில் ஓட்டை இல்லாதவரை வெளித்தண்ணீர் அங்கே போகாது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் கிடையாகவும் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும், உள்ளே நீர் தேங்கும், கிருமி பெருகும். நீச்சல் குளத்துத் தண்ணீரால் வருவது வெளிக்காதுத் தொற்று, அது வேறு.

மருத்துவர் ஆன்டிபயாடிக்கை உடனே தரவில்லை. எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும் கொடுத்து இரண்டு நாள் பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சலும் வலியும் போய்விட்டன. (இரண்டு வயதுக்குக் கீழ் என்றாலோ வலி கடுமையாக இருந்தாலோ முடிவு மாறும்.)

ஆனால் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். நேற்றுப் பரிசோதித்ததில் உள்ளே இன்னும் கொஞ்சம் நீர். தொற்று போன பிறகும் அது மூன்று மாதம் வரை நிற்கலாமாம், பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். அதற்குப் பிறகும் இருந்தால் கேட்கும் திறன் சோதனை.

பூண்டு எண்ணெய் ஊற்றச் சொன்னவர்களே, தயவுசெய்து வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக உள்ளே போய்விடும். அப்புறம், காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.