போட்டிக்கோ சிலாப்பில் வெடிப்பு, காரில் கறள்: மாரிக்கு முன் எதை முதலில் செய்வது? (உப்புவெளி)

உப்புவெளி வாசி
வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். அப்பா காலத்தில் கட்டியது. முன்வாசலில் கார் நிற்கும் போட்டிக்கோ சிலாப்பின் அடிப்பக்கம் கம்பி போகும் கோட்டிலேயே நீளமாக வெடித்திருக்கிறது. போன கிழமை உள்ளங்கை அளவு துண்டு ஒன்று காரின் பொனட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்த இடத்தில் கம்பி தெரிகிறது, செதில் செதிலாகக் கறள். மேசன் ஒருவர் பார்த்துவிட்டு, "சீமெந்து பூசி பெயின்ட் அடித்தால் சரி, அரைநாள் வேலை" என்றார். ஆனால் இதே இடத்தை முன்பும் ஒருமுறை பூசியதுதான்.

கார் பழைய ஆல்டோ. பின்கதவின் அடி விளிம்பில் பெயின்ட் கொப்பளித்து, விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிர்கிறது. கதவை அடித்துச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் வேறு. உப்புக் காற்று படக்கூடாதென்று பிளாஸ்டிக் உறையால் மூடித்தான் வைக்கிறோம்.

இரண்டையும் ஒரேயடியாகச் செய்யக் கையில் காசில்லை. எதை முதலில் பார்ப்பது?

சைட் சுப்பவைசர்
சிலாப்தான் முதலில், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. காரை இன்றைக்கே வெளியே எடுங்கள். பிள்ளைகளையும் சிலாப்புக்குக் கீழே விளையாட விடாதீர்கள்.

ஒரு கேள்வி: அந்தப் போட்டிக்கோவுக்கு முன்பக்கம் தூண் இருக்கிறதா, அல்லது சுவரிலிருந்து தூணில்லாமல் நீட்டிய சிலாப்பா? நீட்டியதென்றால் பாரம் தாங்கும் பிரதான கம்பி மேல்பக்கத்தில்தான் இருக்கும். கீழே விழுந்ததை விட, மேலே சுவரோரமாக வெடிப்பு ஓடுகிறதா என்பதுதான் அங்கே பெரிய விஷயம். அப்படி இருந்தால் மேசனிடம் கொடுக்காமல் ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பூசினால் ஏன் நிற்காது என்பதையும் சொல்கிறேன். கொங்கிரீட்டின் காரத்தன்மை நல்ல கம்பியைக் கறள் பிடிக்க விடாது. கடலுப்பிலுள்ள குளோரைட் உள்ளே இறங்கியதும் அந்தப் பாதுகாப்பு உடைந்துவிடும். கறள், தான் தின்ற இரும்பைப் போல பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கொங்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும். கறளையும் உப்பையும் உள்ளே விட்டு மேலே பூசினால், பூச்சோடு சேர்த்து இன்னொரு துண்டு விழும். கட்டும்போது கழுவாத கடல்மணல் கலந்திருந்தால் உப்பு தொடக்கத்திலிருந்தே உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அப்படியான சிலாப்பில் ஓரிடத்தைத் திருத்தினாலும் வேறிடத்தில் கிளம்பலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வாசி
முன்னால் இரண்டு தூண் இருக்கிறது அண்ணா. மேலே ஏறிப் பார்த்தேன், சுவரோரம் வெடிப்பில்லை. ஆனால் தண்ணீர் போகும் பைப் வாயில் வேப்பஞ்சருகு அடைத்து, சிலாப்பின் நடுவில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறது.

சைட் சுப்பவைசர்
அந்தச் சருகுதான் பாதிக் குற்றவாளி. தண்ணீர் தேங்கி நின்று ஊறினால் எந்தப் பூச்சும் தாங்காது. பைப் வாயைத் துப்புரவாக்கி, மேல்பக்கம் சரிவு போட்டு நீர்க்காப்புப் பூச்சு அடியுங்கள். கீழே எவ்வளவு வடிவாகச் செய்தாலும் இது இல்லாவிட்டால் வீண்.

கீழே செய்ய வேண்டியது இது. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும், முட்டில்லாமல் உளி வைக்க விடாதீர்கள். பிறகு சிறு சுத்தியலால் சிலாப் முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். "டங்" என்றால் நல்ல இடம். பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கழன்றுவிட்டது, சோக்கட்டியால் வட்டம் போடுங்கள். வெடிப்புத் தெரியாத இடத்திலும் பொள்ளல் கேட்கும். அந்த வட்டங்களை எல்லாம் வெட்டி, கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் போகும் அளவுக்குத் தோண்ட வேண்டும். அரைநாள் மேசன் இதைத்தான் செய்ய மாட்டார். கம்பியின் முன்முகத்தை மட்டும் சுரண்டிவிட்டு முதுகுப் பக்கக் கறளை அப்படியே விட்டுவிடுவார்.

கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மிச்சத்தை அளந்தும் பாருங்கள். 10 மில்லிமீற்றர் கம்பி 8 ஆகத் தேய்ந்திருந்தால் பார்வைக்கு அவ்வளவு தெரியாது, ஆனால் இரும்பில் 36 வீதம் போய்விட்டது. அப்படியான இடத்தில் பக்கத்தில் புதுக்கம்பி வைத்துக் கட்ட வேண்டும். நல்ல பகுதியோடு இரண்டு பக்கமும் அரை மீற்றராவது ஒட்டிப் போகட்டும். பிறகு கம்பிக்குக் கறள் தடுக்கும் பூச்சு, அதன் மேல் கொங்கிரீட் திருத்துவதற்கென்றே ஹார்ட்வெயாரில் விற்கும் கலவை. வெறும் சீமெந்து மணல் சாந்து தலைகீழாக ஒட்டி நிற்பது கஷ்டம்.

நிலாவெளிக்காரன்
காருக்கு நான் சொல்கிறேன். பழைய எஞ்சின் ஒயிலை அடிப்பக்கம் முழுக்க ஸ்பிரே பண்ணுங்கள், செலவே இல்லை. எங்கள் பக்கம் மீன்வாடிக்குப் போகும் வாகனமெல்லாம் இப்படித்தான்.

பாலையூற்று மெக்கானிக்
நிலாவெளி அண்ணை கோபிக்கக்கூடாது. பழைய ஒயில் காருக்கு அடியிலுள்ள புஷ், பூட் எல்லாவற்றின் ரப்பரையும் ஊத வைத்துவிடும். பிரேக்கில் பட்டால் அது வேறு கதை. மழைக்குக் கழுவுண்டு போவது உங்கள் கிணற்றுக்குத்தான்.

தங்கச்சி, உங்கள் கார் வெளியிலிருந்து கறள் பிடிக்கவில்லை, உள்ளிருந்து பிடிக்கிறது. தண்ணீர் ஆடுகிற சத்தம்தான் அதற்குச் சாட்சி. கண்ணாடி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது வழமை. வெளியேற அடி விளிம்பில் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். கதவைத் திறந்து குனிந்து பாருங்கள், மணலும் சேறும் அடைத்திருக்கும். ஈர்க்குச்சி ஒன்றே காணும். ஊசி மாதிரிக் கூரானதால் குத்தினால் உள்ளே இருக்கிற பெயின்டும் போய்விடும்.

அடுத்தது அந்த உறை. இன்றைக்கே கழற்றுங்கள். சாதாரண கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினாலே தானாகத் தண்ணீர் இழுத்துக் கசியும். கடலுப்பில் மக்னீசியமும் இருப்பதால் அதற்கும் குறைவாகவே போதும். அதாவது உங்கள் காருக்கு மழையே தேவையில்லை. உப்புப் படிந்த காரைப் பிளாஸ்டிக்கால் மூடினால் இட்லிச் சட்டிக்குள் வைத்த மாதிரித்தான். காற்றோட்டமான நிழல் போதும். உறை போட்டே ஆகவேண்டுமென்றால் காற்றுப் போகும் துணி உறை, அதுவும் கழுவிக் காய்ந்த பிறகு.

உப்புவெளி வாசி
ஈர்க்குச்சியால் குத்தினேன். கறுத்த சேறும், பின்னால் அரைப் போத்தல் தண்ணீரும் வந்தது! கொப்பளம் போட்ட இடத்தில் புட்டி வைத்து பெயின்ட் அடிக்கலாமா? கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லையா? கொஞ்சம் சவர்.

பாலையூற்று மெக்கானிக்
சவர்த் தண்ணீர் வேண்டாம், உப்பை உப்பால் கழுவின கணக்கு. பைப் தண்ணீர் எடுங்கள். சேர்விஸுக்கு விட்டாலும் அங்கே என்ன தண்ணீர் அடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு விடுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. மேலே பளபளக்கக் கழுவுவதை விட, சில்லு வளைவுக்குள்ளும் அடியிலும் அடிப்பதுதான் முக்கியம். கடற்கரை மணலில் இறக்கினால், அல்லது மாரியில் கடல் பொங்கின ரோட்டால் வந்தால், அன்றைக்கே.

புட்டி பற்றி: ஓட்டை விழுந்த தகட்டில் புட்டி வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடுத்த மாரிக்குள் திரும்பக் கொப்பளிக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தாங்கினால் அரத்தாளால் தேய்த்து, கறள் மாற்றி (மிச்சக் கறளை இறுகிய படையாக மாற்றும் திரவம்) பூசி, பிறைமர், பெயின்ட், கடைசியாக உள்ளே மெழுகு ஸ்பிரே. வடிகால் ஓட்டை வழியே குழாய் விட்டு அடிக்கலாம், அடித்த பிறகு ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் வெட்டித் தகடு வைத்து வெல்டிங்தான். கதவு என்பதால் அவசரமில்லை. ஆனால் ஜக் வைக்கிற இடமும் சீட் பெல்ட் பூட்டுகிற இடமும் அழுத்தும்போது உள்ளே போனால் காரை ஓடாதீர்கள். அது அழகுப் பிரச்சினை இல்லை.

பற்றரி முனையில் பச்சை வெள்ளையாகப் பூத்திருந்தால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் வாசலின் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

சைட் சுப்பவைசர்
தண்ணீர்க் கதை வந்ததால் சொல்கிறேன். சாந்து குழைக்கவும் நனைக்கவும் அந்தக் கிணற்றைத் தொடாதீர்கள். வெட்டி எடுத்த உப்பை நீங்களே திரும்ப ஊற்றுவதாகிவிடும்.

இப்போது வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம், வேலைக்கு நல்லது, ஆனால் பூசின சாந்தை மத்தியானத்துக்குள் காய வைத்து மயிர்வெடிப்பு விழுத்திவிடும். விடிய வேளைக்குப் பூசச் சொல்லுங்கள். ஈரச்சாக்கை அடிப்பக்கத்தோடு பலகையால் முட்டுக் கொடுத்து ஒட்டிவைத்து, ஏழு நாளாவது காயாமல் பாருங்கள். மேசனுக்குக் கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் பூசின அடுத்த நாள் ஆளைப் பிடிக்க முடியாது.

உப்புவெளி வாசி
வேறு மேசன் ஒருவரோடு கதைத்தேன். முட்டும் தட்டிப் பார்ப்பதும் என்றதும் அவரே, "அப்படித்தான் செய்யவேண்டும், ஆக்கள் காசு தரமாட்டார்கள்" என்றார். திங்கள் தொடங்குகிறார். கார் இப்போது வேம்புக்குக் கீழே.

பாலையூற்று மெக்கானிக்
வேம்பு நல்லதுதான். ஆனால் சருகு முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற தட்டில் போய் அடைக்கும், அங்கேயும் வடிகால் உண்டு. பொனட்டைத் திறந்து கிழமைக்கொருதரம் அள்ளிப் போடுங்கள்.

சைட் சுப்பவைசர்
திங்கள் வெட்டி முடிந்ததும், பூசுவதற்கு முன், கம்பி தெரிகிறபடி எல்லா இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். இங்கேயும் போடுங்கள், கம்பி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்கிறேன்.