சகதியில் போட்ட டிஃப் லாக், தார் ரோட்டில் விடமாட்டேன் என்கிறது

அண்ணன்மாருக்கு வணக்கம். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் ஆறு சக்கர டிப்பர் ஓட்டுகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தக் கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்பி அப்பி, பட்டன் டயரும் மொட்டை டயராகிவிடும்.

போன வாரம் கண்மாய்க் கரையோரம் இடது பின்சக்கரம் மட்டும் சும்மா சுற்றியது, வலது பக்கம் அசையவே இல்லை. சக்கரம் நின்ற பிறகு, பின்சக்கரம் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக்கை (டிஃபரன்ஷியல் லாக்) போட்டேன். இரண்டும் சேர்ந்து சுற்ற, முதல் கியரில் மெதுவாக ஏறிவிட்டது. அதுவரை சரி.

தார் ரோட்டுக்கு வந்து சுவிட்சை அணைத்தும் லாக் விளக்கு அணையவில்லை. திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க வண்டி நேராகவே போகப் பார்த்தது, பின்டயர் கீச்சென்று தேய்ந்தது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்ததும் டக்கென்று விட்டது. லாக்கின் பல் இறுகியதால்தானா, இல்லை லாக்கை இயக்கும் காற்று லைனில் தண்ணீர் இறங்கியிருக்குமா?

முதலாளி வேறு, மழையில் ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போதும் லாக் போடச் சொல்கிறார். வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓட வேண்டாமா? ஆக்சில் முறிந்தால் திட்டு வாங்குவது நான்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. கணவாயில் லோடோடு போய் வருகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணே.