277 பேர் போனார்கள், 14 பேர் செத்தார்கள், மீதி ஒருவன் எங்கே?

பாலாற்று மணல்:
வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. அதன் கீழே நின்று தக்காளிக்குப் பேரம் பேசியவர்கள்கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அதை வைத்து ஒரு துப்பறியும் கதை எழுதுகிறேன். கணக்குப்படி 263 பேர் திரும்ப வேண்டும், என் கதையில் 262 பேர்தான் காட்பாடியில் இறங்குகிறார்கள். அந்த ஒருவனைத் தேடுகிறவள் அவன் மனைவி இல்லை, தட்டு மாற்றியதோடு நின்றுபோன மாமன் மகள். ரிட்டயர்டு போலீஸ் ரைட்டர் ஒருவரிடம் வந்து நிற்கிறாள். அவன் எங்கே போனான் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று முடிக்க மனசு வரவில்லை.

கம்மவான்பேட்டை பேரன்:
எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள், அதனால் சொல்கிறேன். நிச்சயம் மட்டும் ஆனவளுக்குப் பட்டாளத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வராது, எல்லாம் பெற்றவளுக்குத்தான். அத்தைக்காரிக்கு மணியார்டர் எந்த மாதம் நின்றது? போஸ்ட்மேனைப் பிடிக்கச் சொல்லுங்கள் உங்கள் ரைட்டரை.

கோட்டை அகழி:
அவனை மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது பாலம், பதுங்குகுழி போடும் பொறியாளர் படையில் சேர்த்துவிடுங்கள். மெசபடோமியாவில், இன்றைய ஈராக்கில் இருந்தவர்கள், தலைமையிடமும் பெங்களூர், ரைட்டர் ரயிலேறிப் போய் விசாரிக்கலாம். ஆனால் பெயர் கிடைப்பது கஷ்டம். 1929-இல் திறந்த பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் வெள்ளைக்காரனுக்குப் பெயர் இருக்கிறது, நம் சாதாரண சிப்பாய்க்குத் தலைக்கணக்குதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல்தான் இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது. இங்கேயும் எண், அங்கேயும் எண். அவள் எந்தக் கல்லைப் போய்த் தொடுவாள்?

சத்துவாச்சாரி சுப்பு:
1918 விஷக்காய்ச்சலை மறந்துவிட்டீர்களே. பம்பாயில் கப்பல் இறங்கியவன் அங்கேயே காய்ச்சலில் போயிருந்தால்? சண்டையில் சாகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரை பட்டாளத்தில் இருந்து செத்தவர்களைக் கணக்கில் சேர்க்கும், காய்ச்சலானாலும் சரி. ஊர்க் கல்லுக்குக் கணக்கு எழுதிய கர்ணம் அப்படிச் சேர்த்தாரா என்ன!

பாலாற்று மணல்:
சுப்பு அண்ணா, கதை கிடைத்துவிட்டது. அத்தைக்குத் தெரியும். சொன்னால் இந்தப் பெண்ணும் வேறு வீட்டுக்குப் போய்விடும், மகனைப் பற்றிப் பேச ஆளிருக்காது என்று சொல்லாமலே இருக்கிறாள். ரைட்டர் கண்டுபிடித்துவிடுகிறார். அதைப் போய் அவளிடம் சொல்வாரா என்பதை இன்னும் எழுதவில்லை.