தாமிரத் தேவை அமெரிக்கா பக்கம் திரும்புகிறதா? இறக்குமதிக் கணக்கை நம்பலாமா?

பசுமைமின்
2025 முதல் பாதியில் அமெரிக்கா வாங்கிக் குவித்த சுத்திகரித்த தாமிரம் முந்தைய ஆண்டைவிட மிக அதிகம். அதே காலத்தில் சீனாவில் வீட்டுக் கட்டுமானம் எழவே இல்லை. அமெரிக்காவிலோ தரவு மையங்கள், பழைய மின்கட்டமைப்பைப் புதுப்பிக்கும் வேலை, மின்வாகனம் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. 2002-இல் சீனா தாமிரப் பயன்பாட்டில் அமெரிக்காவை முந்தி முதல் இடத்துக்கு வந்தது. அந்தப் போக்கு இப்போது திரும்பத் தொடங்கிவிட்டது என்பது என் வாதம்.

கிடங்குக்கணக்கு
இறக்குமதியைத் தேவை என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். ஒரு நாட்டின் 'வெளித்தெரியும் நுகர்வு' என்பது உற்பத்தி, கூட்டல் இறக்குமதி, கழித்தல் ஏற்றுமதி, கழித்தல் இருப்பில் ஏறியது. கடைசி உறுப்பு தப்பாக இருந்தால் மொத்தமும் தப்பு.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா, தேசப் பாதுகாப்பைக் காட்டி இறக்குமதிக்கு வரி போட இடம்தரும் 232-ஆம் பிரிவின் கீழ், தாமிர விசாரணையைத் தொடங்கியது. வரி வருமுன் சரக்கைக் கரையேற்றிவிட வேண்டும் என்று வணிகர்கள் ஓடினார்கள். நியூயார்க் சந்தையான கோமெக்ஸின் விலை லண்டன் உலோகச் சந்தையான எல்எம்இ-யைவிட எகிறி நின்றதால், கப்பல் கூலி போகவும் லாபம் கிடைத்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் டன்னுக்குக் கீழே இருந்த கோமெக்ஸ் கிடங்கு இருப்பு ஆகஸ்டில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கதோடு எனப்படும் அந்தச் சுத்திகரித்த தாமிரத் தகடுகள் உலையைப் பார்க்கவே இல்லை. ஜூலை 30-இல் அறிவிப்பு வந்தபோது 50% வரி கம்பி, குழாய், உருட்டிய தகடு போன்ற அரைப்பொருள்களுக்கு மட்டும்தான், கதோடுக்கு இல்லை என்று தெரிந்தது. கோமெக்ஸ் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உடனே சரிந்தது. ஆலைகளின் உண்மையான பசி இறக்குமதியை இழுத்திருந்தால், வரி இல்லை என்ற செய்திக்கு விலை இப்படி விழாது.

அமெரிக்கா 2000 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் பயன்படுத்தியது. இப்போது 16 முதல் 18 லட்சம். உலக மொத்தம் 270 லட்சம் டன்னை ஒட்டி, அதில் பாதிக்கு மேல் சீனா.

வார்ப்பாலை
இருப்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் வரியை இவ்வளவு சுலபமாக ஒதுக்க வேண்டாம். தேவை எந்த நாட்டுக் கணக்கில் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது கதோடு உருகும் இடம். தண்டு உலையில் கதோடை உருக்கி, தொடர்வார்ப்பில் பட்டையாக எடுத்து, உருட்டி, கம்பி இழுப்பதற்கான 8 மி.மீ. தடித்த ராடாகச் சுருட்டுகிறோம். அங்கே எண்ணப்படுகிறது. அந்த ராடில் இழுத்த கம்பி ஏர்கண்டிஷனராகவோ மோட்டாராகவோ வேறு கண்டத்துக்குப் போனாலும், கணக்கு ராடு ஆலை இருக்கும் நாட்டுக்குத்தான். சீனாவின் பங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

அப்படியிருக்க, ராடுக்கும் குழாய்க்கும் 50% வரி, கதோடுக்குச் சுழியம் என்றால் உருக்கும் வேலை உள்நாட்டுக்கு வரத்தான் செய்யும். அதை உண்மையான இடமாற்றம் என்றே சொல்வேன். ஆனால் வேகம் ஆலைத் திறனைப் பொறுத்தது. கதோடு எவ்வளவு குவிந்திருந்தாலும் வார்ப்புச் சக்கரம் ஓடும் அளவுக்குத்தான் ராடு வரும்.

பசுமைமின்
கிடங்குக்கணக்கு சொல்லும் அளவுகோலைச் சீனாவுக்கும் வையுங்கள். 2009-இல் சீன 'நுகர்வு' பாய்ந்ததில் அரசு இருப்பு அமைப்பு வாங்கியதும் வணிகர்கள் பதுக்கியதும் அடக்கம். 2014-இல் சிங்டாவ் துறைமுகத்தில் ஒரே சரக்கைப் பல வங்கிகளிடம் அடகு வைத்த விவகாரம் வெளியானது. கடனுக்காக உள்ளே வந்த தாமிரமும் இறக்குமதியாகத்தான் பதிவானது.

2024 மே மாதம் எல்எம்இ விலை 11,100 டாலரைத் தொட்டபோது, இறக்குமதித் தாமிரத்துக்குச் சீனா எல்எம்இ விலைக்கு மேல் தரும் கூடுதல் தொகையான யாங்ஷான் பிரீமியம் சுழியத்துக்கே இறங்கிவிட்டது. ஜூனில் சீனா ஏறத்தாழ 1.58 லட்சம் டன்னை ஏற்றுமதி செய்து சாதனை படைத்தது. விலை ஏறினால் வாங்காமல் ஒதுங்கும் சந்தை அது. மின்வாகனமோ அப்படி ஒதுங்காது. சாதாரண காரில் 20 கிலோ சொச்சம், முழு மின்காரில் 80 கிலோ அளவு தாமிரம்.

மாற்றுலோகம்
அந்த 80 கிலோவை நிலையாக நினைத்துக் கணக்குப் போடுவதுதான் எல்லா முன்கணிப்புகளையும் கெடுக்கிறது. பேட்டரியின் எதிர்முனைத் தாமிரத் தாளையே பாருங்கள். 8 மைக்ரான் தாள் சதுர மீட்டருக்கு 72 கிராம், 6 மைக்ரான் 54, 4.5 மைக்ரான் 40. பூச்சுப் பூசும்போதும் உருளையில் அழுத்தும்போதும் மெல்லிய தாளில் சுருக்கம் விழும், கிழியும். இழுவிசையைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்ட ஆலைகள் அதையும் தாண்டிவிட்டன. 400 வோல்ட் அமைப்பு 800 ஆனால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம், கேபிளும் மெலிகிறது. ஏர்கண்டிஷனர்களில் 9.52 மி.மீ. குழாய் 7-க்கும் 5-க்கும் இறங்கியது.

கேபிளில் அலுமினியக் கணக்கு இன்னும் கடுமை. அலுமினியத்தின் கடத்துதிறன் தாமிரத்தில் 61%. 95 ச.மி.மீ. தாமிரத்துக்கு ஈடாக 150 ச.மி.மீ. அலுமினியம் போடுவார்கள். மீட்டருக்கு 850 கிராம் தாமிரம் போய் 405 கிராம் அலுமினியம் வருகிறது. எடைக்கு எடை விலை நான்கு மடங்கை நெருங்கினால் எந்த மின்வாரியமும் மறுபரிசீலனை செய்யும்.

வார்ப்பாலை
நிலத்தடிக் கேபிள், மேல்வழிக் கம்பி, பெரிய ஊட்டுக்கம்பி இவற்றில் ஒப்புக்கொள்கிறேன். கம்பி சுற்றும் மோட்டார் பள்ளத்தில், 61% கடத்துதிறனை ஈடுகட்டத் தேவைப்படும் 1.64 மடங்கு குறுக்குவெட்டுக்கு இடம் எங்கே? இரும்பு மையத்தையே பெரிதாக்க வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்தது அதில் போய்விடும்.

இணைப்பு அதைவிடப் பெரிய தலைவலி. அலுமினியத்தின் மேல் நொடியில் ஆக்சைடு படியும், அது மின்சாரம் கடத்தாது. தேய்த்த கையோடு இணைப்புப் பசை தடவி, சரியான அச்சில், கேபிள் முனையில் மாட்டும் லக்கை நசுக்க வேண்டும். தாமிரப் பட்டையில் பூட்டுவதென்றால் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்த இருலோக லக் போடாவிட்டால் ஈரத்தில் அரிக்கும். எல்லாம் சரியாகச் செய்தாலும் அலுமினியம் போல்ட்டின் கீழே மெல்ல நசுங்கிக்கொடுக்கும். வெப்பத்தில் விரிவதும் தாமிரத்தைவிட அதிகம், டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு, தாமிரம் 17. அழுத்தம் குறைய மின்தடை ஏறும், சூடாகும், இன்னும் நசுங்கும். தரவு மையத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகள். அங்கே இந்த ஆபத்தை விலைக்கு வாங்க ஆளில்லை.

ஸ்கிராப்பை, அதாவது கழிவுத் தாமிரத்தை, யாரும் தொடவில்லை. பளபளப்பான கம்பி ஸ்கிராப் கதோடைவிட நன்றாக மலிந்தால் ராடு ஆலைகள் அதைக் கலக்கும். ஈயமும் பிஸ்மத்தும் பத்து லட்சத்தில் சில பங்கு கூடினாலே மெல்லிய கம்பி இழுக்கும்போது அறுந்துகொண்டே இருக்கும், அதனால் தடித்த கம்பிக்குத்தான் அந்த ராடு. விலை வித்தியாசம் சுருங்கினால் திரும்பக் கதோடு. 2024 ஆகஸ்டில் சீனா உள்ளூர் வரிச்சலுகைகளைக் கட்டுப்படுத்தியபோது ஸ்கிராப் ராடு ஆலைகள் தடுமாறின, கதோடு விற்பனை உயர்ந்தது. ஒரு மீட்டர் கேபிள்கூட அதனால் கூடுதலாகப் புதைக்கப்படவில்லை.

கிடங்குக்கணக்கு
அதனால்தான் நான் முதலில் பார்ப்பது ராடு ஆலைகளின் இயக்க விகிதம், பிறகு கதோடுக்கும் ஸ்கிராப்புக்குமான விலை வித்தியாசம், பிறகு பிரீமியம். இறக்குமதி கடைசியில். ராடு ஆலை அசையாமல் இறக்குமதி மட்டும் ஏறினால் அது கிடங்குக்குப் போகிறது. சுத்திகரித்த தாமிரத்துக்கு 2027-இல் 15%, 2028-இல் 30% வரி என்று 2025-இல் வந்த பரிந்துரை தலைக்குமேல் நிற்கும்வரை அமெரிக்கக் கிடங்குகளிலிருந்து சரக்கை வெளியேற்ற வணிகர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

பசுமைமின்
இறக்குமதி எண்ணை விட்டுவிடுகிறேன். ஆனால் வார்ப்பாலை சொன்ன 50% வரி வாதம் என் பக்கம்தான் நிற்கிறது. ராடு உற்பத்தியை வைத்தே பேசுவோம். அமெரிக்க ராடு ஆலைகள் இரண்டு ஆண்டு தொடர்ந்து கூடுதலாக உருக்கினால், அதையும் கிடங்கு என்று சொல்ல முடியுமா?

கிடங்குக்கணக்கு
முடியாது. ஆனால் அந்த ராடு இறக்குமதி ராடின் இடத்தை மட்டும் பிடித்ததா, புதிய கேபிளுக்குப் போனதா என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். முதலாவது என்றால் உலகத் தேவையில் ஒரு டன் மாறவில்லை, உலை மட்டும் இடம் மாறியிருக்கிறது.